சிக்கனமும் மலிவும்: ஒரு கோலாலம்பூர்ப் பயணம்

மலாயா என்னும் பெயர் யாழ்ப்பாணத்து இல்லங்களுக்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே நம்மவர் பலர் கப்பலேறிச் சென்று, அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகப் பணியாற்றினர். அவர் ஈட்டிய பொருள் இங்கு வீடுகளாயிற்று, கோயில் திருப்பணியாயிற்று, நம் கல்லூரி போன்ற கலைக்கூடங்கள் பலவற்றை வளர்க்கவும் உதவிற்று. என் பாட்டனாரும் அவருள் ஒருவர். என் அன்னையார் 1954ஆம் ஆண்டு கோலாலம்பூரிற் பிறந்து, பாட்டனார் இளைப்பாறியபோது இரண்டு வயதுக் குழந்தையாக இங்கு வந்தவர். பிறந்த ஊரை ஒருமுறை காணவேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். ஆசிரியச் சம்பளத்தைக் கொண்டு அதனை நிறைவேற்றிய விதத்தை, இத்தகைய பயணத்தை எண்ணும் அன்பர்க்குப் பயன்படுமென்று ஈண்டு எழுதுகின்றேன்.

2022ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிற் செல்வதெனப் பணம் சேர்த்து வந்தோம். அவ்வாண்டு பங்குனித் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா; வைகாசியில் ஏறத்தாழ 360 ரூபா. கைப்பணத்தின் தொகை குறையவில்லை. அதன் வலிமையே குறைந்தது. பயணம் இரண்டாண்டு பின்போயிற்று. பணத்தை மீண்டுஞ் சேர்க்கலாம். அன்னையாரின் முழங்கால்கள் அதுவரை பொறுத்திருக்குமோ என்பதே என் கவலையாயிருந்தது.

விமானச் சீட்டு வாங்குவோர், கட்டணங்களுள் மிகக் குறைந்ததைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. மலிவான விமானங்களிற் பொதிக்கும் உணவுக்கும் விரும்பிய இருக்கைக்கும் வேறாகப் பணம் அறவிடுவர். அவற்றைக் கூட்டிய பின்னரே ஒன்றோடொன்று ஒப்பிடல் வேண்டும். பலாலியிலிருந்து சென்னை வழியாகச் செல்லலாமே என்றனர் நண்பர் சிலர். இரு வேறு சீட்டுக்களிற் செல்வதாயின் இந்திய அனுமதியும் வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாஞ் சீட்டின் பணமும் வீணாகும். இடைவழியில் ஓரிரவைக் கழிக்கும் சீட்டொன்று இன்னும் மலிவாகக் கிடைத்தது. எழுபது வயது மூதாட்டியை விடியும்வரை நாற்காலியில் இருத்திப் பெறும் இலாபம் இலாபமாகாது. ஆதலின் கட்டுநாயக்காவிலிருந்து நேரே செல்லும் விமானத்தையே தெரிந்தேன். மூன்றரை மணி நேரத்திற் சென்றடைந்தோம். தைப்பூசம், சீனப் புத்தாண்டு ஆகியவை இல்லாத காலத்தில், வார நடுநாளொன்றைக் குறித்தமையாற் கட்டணம் தாங்கக்கூடியதாயிற்று. நுழைவனுமதியை முன்னரே பெற்றுக்கொண்டோம்.

மிச்சம் பிடித்ததெல்லாம் இறங்கிய பின்னரே. விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. விரைவுப் புகையிரதத்தை விடுத்துப் பேருந்தில் ஏறினோம். கட்டணம் பாதிக்கும் குறைவு. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எளிய அறையொன்று எடுத்தோம். நகரின் பெரும் புகையிரத நிலையம் அருகில் இருந்தமையால் வாடகை மோட்டார் வேண்டியிருக்கவில்லை. வாழையிலைச் சோற்றுக்கடைகளும் அங்கேயே உண்டு. இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலையும் தரிசித்தோம்.

ஒரு நாட் காலை பத்துமலைக்குச் சிறு கட்டணத்தில் மின்சாரப் புகையிரதம் ஏறினோம். 272 படிகளையும் ஏற அன்னையாரால் இயலவில்லை. 2006இல் நிறைவெய்திய, 140 அடி உயர முருகன் சிலையின் அடியில் நின்று கைகூப்பினார். திரும்பும் வழியில் 1910ஆம் ஆண்டுப் பழைய நிலையத்தில் இறங்கினோம். வெண்ணிற வளைவுகளும் சிறு கோபுரங்களும் பொருந்திய அம்மாளிகையிற் பெருவண்டிகள் இப்போது நிற்பதில்லை. 2001ஆம் ஆண்டு அப்பணி புதிய நிலையத்துக்கு மாறிற்று. அன்னையார் தூணொன்றிற் கைவைத்து, "தம்பி, ஐயா நடந்து திரிஞ்ச இடம் இதுதானே?" என்றார். ஆம் என்றேன்.

மறுநாள் அவரை அறையில் ஓய்வெடுக்க விட்டு, யான்மட்டும் மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வந்தேன். அங்கே பேராசிரியராயிருந்த நம் நாட்டவர் தனிநாயகம் அடிகளின் முயற்சியால், 1966ஆம் ஆண்டு சித்திரையில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிற் கூடியது. தமிழ் கற்பிப்போர் ஒருமுறையேனும் மிதிக்கத்தக்க மண் அது.

மலிவு வேறு, சிக்கனம் வேறு. மலிவு விலையைமட்டும் பார்க்கும். சிக்கனம் எதற்காகச் செல்கின்றோம் என்பதையும் பார்க்கும். மலாயாவை நினைவுகூரும் முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், கட்டணம் குறையுங் காலத்தைமட்டும் எதிர்பார்த்திராது, அவர் நடக்கவல்ல காலத்தையும் கருதி நாட் குறித்தல் நன்று.