மடப்பள்ளி சுவர்ல ஏன் அந்தப் பெரிய பைப்?



மடப்பள்ளி வெளிச்சுவர்ல ஒரு ஸ்டீல் புகைபோக்கி புதுசா நிக்குதே, அதுக்கு இவ்வளவு செலவு தேவையான்னு ரெண்டு வாரமா நிறைய பேர் கேக்குறீங்க. கேக்கறது நியாயம்தான், உங்க உண்டியல் காசு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்தை நாம பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறோம். சமைக்கிற அக்காமார்களை எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கோம்? காலை அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டினா பகல் வரைக்கும் புகையிலதான் நிப்பாங்க. போன ஆடித் திருவிழாவுல மூத்த அக்கா ஒருத்தங்க மூச்சு விட முடியாம வெளியே வந்து உட்கார்ந்துட்டாங்க. அப்பவும், "சோறு அடி பிடிச்சிடும்பா, யாராச்சும் போய் பாருங்க"ன்னுதான் சொன்னாங்க.

புகைன்னா கண் எரிச்சல் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, சமையல் அடுப்புப் புகை மாதிரி வீட்டுக்குள்ள சேர்ற மாசுக் காற்றால 2020ல மட்டும் சுமார் 3.2 மில்லியன் பேர் இறந்திருக்காங்க. புகையோட வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

கேஸுக்கு மாறலாமேன்னு சிலர் சொன்னாங்க. சின்ன சமையலுக்கு கேஸ் அடுப்பு ஏற்கனவே இருக்கு. திருவிழா அண்டாவுக்கு விறகுதான் நமக்கு வழக்கம். அடியார்கள் காணிக்கையா விறகு கொண்டு வந்து கொடுக்கிறாங்க. அதை நிறுத்த யாருக்கும் மனசு வரலை.

"சுவர்ல ஓட்டை போட்டு ஒரு ஜிங்க் பைப் விட்டா போதாதா?"ன்னு கமிட்டி மீட்டிங்ல கேள்வி வந்துச்சு. போதாது. தொழிற்சாலையில வெல்டிங் பக்கம் இருந்தவங்களுக்குத் தெரியும், ஜிங்க் பூச்சு ரொம்ப சூடானா கெட்ட புகை விடும். அதனாலதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

உயரம் ஏன்னா, சூடான புகை மேல ஏறும்போதுதான் அடுப்புல இருந்து மீதிப் புகையையும் இழுக்கும். பைப் குட்டையா இருந்தா இழுப்பு இருக்காது, காத்து அடிச்சா புகை திரும்பி உள்ளேயே வரும். பொதுவான அளவு இதுதான்: கூரையைத் தாண்டுற இடத்துல இருந்து குறைஞ்சது 3 அடி, சுத்தி 10 அடிக்குள்ள இருக்கிற எதை விடவும் 2 அடி கூடுதல். மேல மழை மூடி இருக்கு.

வெளிச்சுவர்ல போற பைப் மழையில சீக்கிரம் குளிர்ந்திடும். குளிர்ந்தா புகையில இருக்கிற தார் உள்பக்கம் ஒட்டிக்கும். அது சேர்ந்து ஒருநாள் தீப்பிடிச்சா புகைபோக்கியே எரியும். அதுக்காகத்தான் ரெண்டு சுவர் வச்சு, நடுவுல சூடு தாங்குற பஞ்சு அடைச்ச பைப் வாங்கினோம். விலை கூட ஆனது இதனாலதான். கூரை ஓரத்து மரச்சட்டத்துல இடிக்காம, பைப் கம்பெனி சொன்ன இடைவெளி விட்டு, இரும்புப் பிடி போட்டு சுவரோட இறுக்கியிருக்கோம். அடியில ஒரு மூடி இருக்கும், கரி எடுக்கறதுக்கு. குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீங்க.

உள்ளதைச் சொல்றேன், இந்தக் காசு முதல்ல வாசல் வளைவு பெயிண்டுக்குன்னு ஒதுக்கினது. மீட்டிங்ல சத்தம் கூட வந்துச்சு. வளைவுக்குப் பெயிண்ட் அடிச்சா வர்றவங்க எல்லார் கண்ணுக்கும் படும். புகைபோக்கியை யாரும் நின்னு பார்க்கப் போறதில்லை. ஆனா நம்ம வயித்துக்குச் சமைக்கிறவங்க நெஞ்சு கெட்டுப்போய் நாம சாப்பிடுற சோறு எப்படிப் பிரசாதம் ஆகும்? இதைத்தான் நான் கேட்டேன். கடைசியில எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பெயிண்ட் அடுத்த வருஷம்.

இப்போ உங்க கிட்ட மூணு வேண்டுகோள்.

விறகு கொடுக்கிறவங்க நல்லா காய்ஞ்ச விறகா கொடுங்க. ஈர விறகுலதான் தார் அதிகம். பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட் வேண்டாம், அந்தப் புகை விஷம்.

அடுப்பு மூட்டுறவங்க முதல்ல கொஞ்சம் காகிதம் கொளுத்தி பைப்பைச் சூடாக்குங்க. அப்புறம் பெரிய விறகு வைங்க. புகை உள்ளே திரும்பாது. கதவு, ஜன்னலைச் சாத்தாதீங்க.

மாசம் ஒரு தடவை பைப்புக்குள்ள பிரஷ் விட்டு கரி எடுக்கணும். ஏணி ஏற பயப்படாத தம்பிமார் நாலு பேர் வேணும். வர்ற ஞாயித்துக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் மடப்பள்ளி பக்கம் வாங்க, எப்படின்னு நான் காட்டித் தர்றேன். வீட்டுப் பின்பக்கம் விறகு அடுப்பு வச்சிருக்கிறவங்களும் வந்து பார்க்கலாம். பசியாறலுக்கு இட்லி இருக்கு.

அம்மன் எல்லாரையும் காப்பாத்தட்டும். ஓம் சக்தி.