சேரும்வரை ஏழு கோல்

கொவிட்டால் பிந்திப்போன 2021 ஏ.எல் பரீட்சையின் ரிசல்ட்ஸ் 2022 ஓகஸ்ட் கடைசியில்தான் வந்தது. அந்தக் கிழமையே, நான் படிக்கிற தனியார் கம்பஸில் எனக்கு ஒரு பகுதிநேர வேலையும் கிடைத்தது. பெரிய வேலை இல்லை. ஒரு ஹெட்செட், ஒரு எக்செல் ஷீட். ஷீட்டில் பிள்ளையின் பெயர், ஊர், போன் நம்பர், பெறுபேறு. பக்கத்தில் ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் கட்டங்கள். ஏழு தரம் கோல் எடுக்காமல் 'விருப்பமில்லை' எண்டு போடக்கூடாது. முதல் கோலில் வாழ்த்து. மூன்றாவதில் எப்படியாவது அம்மாவோட கதைக்கவேணும். ஐந்தாவதில், "இந்தக் கிழமைக்குள்ள பதிஞ்சா கழிவு இருக்கு". தமிழ்ப் பிள்ளைகளின் ஷீட் எல்லாம் எனக்குத்தான் வரும். மட்டக்களப்புக் கதையில் கதைத்தால் தாய்மார் கொஞ்சம் நம்புவாங்க எண்டு அங்க இருந்தவங்களுக்கு நல்லாவே தெரியும்.

இதில் எனக்கு வெட்கம் வந்தது பிறகுதான். அப்போது போடிங் காசுக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

ஒவ்வொரு வருசமும் பல்கலைக்கழகம் போகத் தகுதி பெறுகிறவர்கள் 160,000 பேருக்கு மேல். உள்ளே எடுபடுகிறவர்கள் 45,000 பேரளவில். இசட் ஸ்கோர் மட்டுமட்டாக விட்டுப்போன பிள்ளையும் கடைசியில் ஏதாவது ஒரு கம்பஸின் ஷீட்டில் வந்து நிற்கும். நானும் அதற்கு முந்தின வருசம் அப்படியொரு ஷீட்டில் இருந்தவள்தான். எங்கட அம்மாவோடும் யாரோ ஒரு அக்கா மூன்றாவது கோலில் கதைத்திருக்கிறா.

வேலை தொடங்கி இரண்டாம் கிழமை, திருகோணமலை நம்பர் ஒன்றை அமத்தும்போது எங்கட பேட்ச் பொடியன் ஒருவனின் ஞாபகம் வந்தது. அவன் வகுப்புக்கு வராமல் விட்டு மூன்று மாதம். அவனுக்கு கம்பஸில் இருந்து எத்தனை கோல் போயிருக்கும் எண்டு பக்கத்து மேசை அக்காவிடம் கேட்டன். "எதுக்குக் கோல்? அவன் ஏற்கெனவே சேந்திட்டான்தானே" எண்டா. பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவவுக்கு என் கேள்வி விளங்கவில்லை.

அவனுக்கு நடந்தது இவ்வளவுதான். ஒரு பாடத்தின் அசைன்மென்ட்டைத் திருத்தித் திரும்பக் கொடுத்தான். போர்ட்டலில் மார்க் மாறவில்லை, 'பெயில்' எண்டே கிடந்தது. அதனால் அடுத்த செமஸ்டர் பதியவிடாமல் சிஸ்டம் மறித்தது. கவுண்டருக்குப் போனால் "மெயில் போடுங்கோ". மெயில் போட்டால், கிடைத்தது எண்டு தானாக வருகிற ஒரு பதில். மூன்று மெயில், மூன்று தானியங்கிப் பதில். நாலாவது மெயில் கம்பஸில் இருந்து வந்தது: பாடத்தைத் திரும்பச் செய்யக் கட்டவேண்டிய காசு எவ்வளவு எண்டு.

அது என்ன காலம் எண்டும் பார்க்கவேணும். டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போன மாதங்கள். பவுணும் கூடவே ஏறியது. எங்கட டிகிரியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பங்கு பவுணில்தான். அவன்ட அப்பாவுக்குக் கடல் தொழில். மண்ணெண்ணெய் இல்லாமல் போட் கரையில் கிடந்தது. பெற்றோல் இல்லாததால வகுப்பெல்லாம் சூமுக்கு மாறியிருந்தது. கறுப்புப் பெட்டிகளுக்குள்ள ஒரு பெட்டி குறைந்ததை யார் கவனிக்கப்போறாங்க?

காசில்லாமல்தான் போனான் எண்டு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னன். ஆனால் அதே காசுக்கஷ்டம் எனக்கும் இருந்தது. நான் இரண்டு கிழமை வராமல் விட்டபோது, ஒரு வருகைதரு விரிவுரையாளர் மிஸ் வாட்ஸ்அப்பில், "ஏன் பிள்ள காணல்ல?" எண்டு கேட்டா. மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவ. அப்படிக் கேட்பதற்கு அவவுக்கு யாரும் காசு குடுக்கிறதில்லை. அந்த ஒரு மெசேஜுக்குப் பதில் எழுதப்போய்த்தான், தவணையாகக் கட்டலாமா எண்டு கேட்கிற தைரியம் எனக்கு வந்தது.

மூன்றாம் வருச ஆய்வுக்கு நான் இதையே தலைப்பாக எடுத்தன்: சேவைத் தரம், திருப்தி, மாணவர் நிலைத்திருத்தல். 1988இல் பரசுராமன், ஸைதாம்ல், பெரி எண்ட மூன்று பேர் 'சேர்வ்குவல்' எண்டு ஒரு அளவுகோல் கொண்டுவந்தாங்க. 22 கூற்றுகள், ஐந்து பரிமாணங்கள். கண்ணுக்குத் தெரிகிற வசதிகள், சொன்னதைச் சொன்னபடி செய்வது, உடனே பதில் தருவது, நம்பிக்கை ஊட்டுவது, ஆளை ஆளாகப் பார்ப்பது. முதலாவதில் எங்கட கம்பஸை ஒருத்தரும் அடிக்கேலாது. ஏசி, கண்ணாடி லிஃப்ட், கோப்பி மெஷின். மிச்சம் நாலையும் அந்த ஒரு மெயில் விசயத்திலேயே அளந்து பார்க்கலாம். வின்சென்ட் டின்டோ 1975லேயே, விட்டுப்போகிற மாணவரைப் படிப்பில் தோற்றவராக மட்டும் பார்க்கக்கூடாது, அந்த இடத்தோடு ஒட்டுகிறாரா எண்டதையும் பார்க்கவேணும் எண்டு எழுதிவைத்திருக்கிறார்.

கேள்விக்கொத்தை வகுப்பில் குடுத்து எடுத்தன். 'இங்கேயே தொடர்ந்து படிப்பேன்' எண்ட கூற்றுக்கு அனேகமானவங்க 'முற்றிலும் உடன்படுகிறேன்'. அதே ஆக்கள் நிர்வாகத்தின் பதில் சொல்லும் வேகத்துக்கு ஒன்றும் இரண்டும்தான் போட்டிருந்தாங்க. கன்டீனில் வைத்து ஒருத்தியிடம் இது என்ன கணக்கு எண்டு கேட்டன். "எட்டு லட்சம் கட்டியாச்சு. இனி எங்க போற?" எண்டாள். அவளும் நிலைத்திருக்கிற மாணவிதான். கம்பஸின் அறிக்கையில் அவளுக்கும், மிஸ்ஸின் மெசேஜால நின்ற எனக்கும் ஒரே எண்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. என்ட கேள்விக்கொத்து போனது வகுப்பில் இருந்தவங்களுக்கு. போனவன்ட கைக்கு அது போகவே இல்லை.

கவுண்டரில் இருக்கிற இரண்டு அக்காமாரில் எனக்குக் கோபம் இல்லை. அறுநூறு பிள்ளைகளுக்கு இரண்டு பேர். மாதத்தில் பாதி நாள் அவங்களையும் ஹெட்செட் போட்டு இருத்திவிடுவாங்க. புதுப் பிள்ளை பிடிக்கத்தான் டார்கெட் இருக்கு. இருக்கிற பிள்ளையைப் பிடித்துவைக்க ஒரு டார்கெட்டும் இல்லை. அரச கம்பஸிலும் மெயிலுக்குப் பதில் வராது எண்டு சொல்வீங்க. சரிதான். அங்க பதில் வராத மாதத்துக்கு யாரும் தவணைக் காசு கேட்கிறதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆய்வைக் கட்டிக் குடுத்த பிறகு அவனுக்குக் கோல் எடுத்தன். கட்டாரில் இருக்கிறான். என்னத்துக்கு எடுத்தனான் எண்டு எனக்கே சரியாச் சொல்லத் தெரியவில்லை. ஊர்ப் புதினம் கதைத்து முடிய, அவனே கேட்டான்.

"அந்த மார்க் ஞாபகம் இருக்கா? போட்டுட்டாங்க."

"எப்ப?"

"நான் இங்க வந்து ரெண்டு மாசத்தால பாத்தன். லொகின் வேலை செஞ்சது. 54. பாஸ்."

"உனக்கு ஒருத்தரும் அறிவிக்கல்லையா?"

"இல்ல. சரி, டியூட்டிக்கு நேரமாகுது, வைக்கிறன்."