கைக்கேற்ற கிண்ணம்

விருந்து படைப்போர் பானத்தின் சுவையில் காட்டும் அக்கறையை, அதை ஏந்தும் கிண்ணத்தில் காட்டுவது அரிது. அதில் அக்கறை காட்டியும் தவறக்கூடும் என்பதை நாம் வெனிஸ் நகரத்து இல்லம் ஒன்றில் கற்றோம்.

அது 2001ஆம் ஆண்டு சூலைத் திங்கள். உரோமையில் இறையியல் பயின்றுகொண்டிருந்த நாம், உடன் பயின்ற நண்பரின் வெனிஸ் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஞாயிறு முற்பகல், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய விருந்து. பெல்லினி பரிமாறப்பட இருந்தது. வெண்பீச்சுப் பழக்கூழ் ஒரு பங்கும், புரோசெக்கோ என்னும் நுரைக்கும் திராட்சை இரசம் இரு பங்கும் சேர்ந்த இளஞ்சிவப்புப் பானம் அது. வெனிஸில் 1931இல் ஹாரிஸ் பாரைத் தொடங்கிய ஜுசெப்பே சிப்ரியானி அதனை ஆக்கி, ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் பெயரைச் சூட்டினார்.

கிண்ணங்களை அடுக்கும் பணியை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். அகன்ற வாயுள்ள கிண்ணத்தில் குமிழிகள் விரைவில் அடங்கிவிடும். குறுகிய வாயுள்ள நெடிய கிண்ணமோ அவற்றை நெடுநேரம் காக்கும். தண்டைப் பற்றிப் பருகினால் கையின் வெப்பமும் பானத்தைச் சேராது. இவற்றையெல்லாம் அறிந்த பெருமிதத்தோடு நெடிய கிண்ணங்களை வரிசையாய் நிறுத்தினோம்.

நண்பரின் முதிய தந்தை வந்தமர்ந்தார். நடுக்கவாதத்தால் அவர்தம் கைகள் ஓயாது நடுங்கின. கிண்ணத்தின் மெல்லிய தண்டை ஒருமுறை நோக்கினார். பின்னர்க் கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு, "எனக்குத் தாகமில்லை" என்றார்.

நண்பரின் தாய் எவரையும் குறை கூறவில்லை. நெடிய கிண்ணங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, அடி கனத்த சிறு கண்ணாடிக் குவளைகளை எல்லார் முன்னும் வைத்தார். "ஹாரிஸ் பாரில் இப்படித்தான் தருவார்கள்" என்றார். அது உண்மையே. பெல்லினி பிறந்த இடத்தில் தண்டில்லாத சிறு குவளையே வழக்கம். அளவு சிறிதாதலால், குளிர்ச்சி நீங்குமுன் பருகி முடிக்கலாம், குமிழிகளும் வீணாவதில்லை. முதியவர் இரு கைகளாலும் குவளையைப் பற்றி, துளியும் சிந்தாமல் பருகினார். மறுகுவளையும் கேட்டார்.

அவருக்கு மட்டும் குவளையை மாற்றியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார் என்பதை அன்று உணர்ந்து நாணினோம். பானத்துக்கு ஏற்ற கிண்ணத்தை நாம் அறிந்திருந்தோம். பருகுவோரைத்தான் நோக்கத் தவறினோம்.

பங்கு இல்லத்திற்கு வருவோர்க்குத் தேநீர் அளிக்கும்போது, இன்றும் நாம் முதலில் அவர்தம் கைகளை நோக்குகிறோம். பிறகே அலமாரியைத் திறக்கிறோம்.