பழைய குட்டிக் கார் வாங்கப் போகிறீர்களா? ஜொகூர் சாலையில் ஒரு சுற்று

செகாமாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் பழைய சாலையில் போய்ப் பாருங்கள். 1994-இல் முழுமை பெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அல்ல. லாபிஸ், சாஆ, யோங் பெங், ஆயர் ஹீத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய் என்று ஊர் ஊராகத் தொட்டுச் செல்லும் ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையில். இரு பக்கமும் செம்பனை. நம் பெரியவர்கள் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் இருந்த இடம்தான் பாதிக்கு மேல். தோட்டத்துச் செம்மண் பாதைகள் தார்ச்சாலையில் வந்து சேரும் முனைகளில் சற்று நின்று கவனியுங்கள். குலை ஏற்றிய லாரி ஒன்று வரும். அதன் பின்னால், தூசியைக் குடித்துக்கொண்டே, சாயம் வெளுத்த ஒரு குட்டிக் கார் வரும். உள்ளே ஐந்து பேர். சில வேளை ஆறு பேர். அது பெரும்பாலும் கஞ்சிலாகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரைக்கும் பெரிய கிராணிக்கும்தான். நமக்குச் சைக்கிள், பிறகு கடனில் ஒரு மோட்டார் சைக்கிள். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தபோது பட்டணத்து ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வாங்கினார்கள். தோட்டத்துக்குள் கார் பரவலாக நுழைந்தது 1994-இல் பெரோடுவா கஞ்சில் வெளிவந்த பிறகுதான். சருகுமானின் மலாய்ப் பெயர் அது. சிறிய உடம்பு, பெரிய சாமர்த்தியம் என்று மலாய்க் கதைகளில் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அதே பிராணி. ஜப்பானிய டைஹாட்சு மீராவை ஒட்டிச் செய்யப்பட்ட வண்டி, மூன்று சிலிண்டர், 660 சி.சி., 850 சி.சி. என்று இரண்டு வகை. 2009-இல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆக, கடைசியாகப் பிறந்த கஞ்சிலுக்கும் பதினைந்து வயது தாண்டிவிட்டது. அதன் பின் வந்த வீவாவும் (2007 முதல் 2014 வரை) இப்போது பழைய வண்டிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இவ்வளவு வயதான காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கைக்காசுதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. மூவாயிரம் வெள்ளிக்கு ஒரு பழைய கஞ்சில் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். வாங்கிய மூன்றாம் வாரம் எஞ்சின் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டி வந்தால் இன்னும் அரை மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். பள்ளிக்கூடக் கட்டணமும் மளிகைக் கடனும் அந்த மாதம் என்ன ஆகும் என்பது வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். அதனால்தான் வண்டியின் நோய்களை வாங்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆயர் ஹீத்தாமைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் சட்டிகளும் பூந்தொட்டிகளும் அடுக்கி வைத்த கடைகள் நிறைந்த சந்திப்பு. பத்து பகாட் பக்கமிருந்தும் குளுவாங் பக்கமிருந்தும் வரும் வண்டிகள் இங்கே ஒன்று சேரும். விடுமுறை நாள் நடுப்பகலில் வரிசை நகராது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் குட்டிக் கார் ஒன்றாவது கண்ணில் படும். ஓடும்போது காற்று பட்டு ரேடியேட்டர் குளிர்கிறது. நிற்கும்போது மின்விசிறி ஒன்றே துணை. அது சுற்றவில்லை என்றால் வெப்பமுள் மேலே ஏறும். கவனிக்காமல் ஓட்டினால் அலுமினியத் தலைப்பகுதி வளைந்து, கேஸ்கெட் போய்விடும். கஞ்சிலுக்கு மிகப் பெரிய எதிரி இந்தச் சூடுதான் என்பது என் கருத்து. மற்ற பழுதுகள் காசைத் தின்னும். இது வண்டியையே தின்றுவிடும்.

ஆகவே, வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போங்கள். விற்பவர் முன்கூட்டியே முடுக்கிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். தண்ணீர் செம்பழுப்பாகத் துரு ஏறியிருக்கிறதா? மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? எஞ்சின் எண்ணெய் மூடியின் அடியில் பால்விட்ட காப்பி நிறத்தில் கொழகொழப்பு இருக்கிறதா? இவற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்த அடையாளம் தெரிந்தால் பேரம் பேச வேண்டாம், வீட்டுக்குத் திரும்புங்கள். நல்லதாகத் தெரிந்தால் முடுக்கி, விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும்வரை பத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும். வெறும் ரேடியேட்டர் மாற்றம் என்றால் இருநூறு வெள்ளியை ஒட்டி முடியும். தலைப்பகுதியைக் கழற்றிச் சமன் செய்து கேஸ்கெட் போடுவதென்றால் எழுநூறு முதல் ஆயிரத்து இருநூறு வரை ஆகலாம். ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை விலை மாறும். நான் சொல்வதெல்லாம் கூடக்குறையக் கணக்குத்தான்.

டைமிங் பெல்ட் என்ற ரப்பர் வார் ஒன்று உண்டு. எஞ்சினுக்குள் மேலும் கீழும் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எண்பதாயிரம், லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்; சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி உள்ளே சேதம் வரும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "இப்போதுதான்" என்ற பதிலை நம்பாதீர்கள்; பட்டறை ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முந்நூறு வெள்ளியை ஒதுக்குங்கள். தண்ணீர்ப் பம்பையும் அதே கையோடு மாற்றினால் கூலி ஒரு முறைதான். மைவி போன்ற வண்டிகளில் ரப்பர் வாருக்குப் பதில் சங்கிலி இருப்பதால் இந்தச் செலவு இல்லை. ஆனால் மைவியின் விலை வேறு, நம் பை வேறு.

ஆயர் ஹீத்தாமிலிருந்து கிழக்கே திரும்பினால் குளுவாங். பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரால் அமைந்த ஊர். 1938-இல் தொடங்கிய ரயில் நிலையக் காப்பிக்கடையால் பெயர் பெற்றது. சுற்றிலும் தோட்டங்கள். ரெங்கம், லாயாங்-லாயாங், நியோர், பாலோ பக்கத்து உட்பாதைகளில் மழை பெய்தால் செம்மண் வழுக்கும். வெயில் அடித்தால் பள்ளமும் கல்லுமாகக் கிடக்கும். அங்கே ஓடிய காருக்குக் கீழ்ப்பகுதிதான் முதலில் போகும். பன்னிரண்டு அங்குலச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குனிந்து கும்பிடுகிறது. வண்டியின் நான்கு மூலைகளையும் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி, தொட்டில்போல ஆடினால் அப்சோபர் போய்விட்டது. நான்கும் மாற்ற நானூற்று ஐம்பதாவது ஆகும். திடலில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். முன்சக்கரத்தில் "டக் டக்" என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து மண் உள்ளே போனதுதான் காரணமாக இருக்கும். பழுது பார்த்தது ஒரு பக்கத்துக்கு நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைக்கும். உறையை மட்டும் காலத்தில் மாற்றியிருந்தால் அதில் ஒரு பங்கில் முடிந்திருக்கும்.

உதிரிச் சாமான்களைப் பொறுத்தவரை கஞ்சில்காரர் கொடுத்துவைத்தவர். சின்ன ஊர்ப் பட்டறையிலும் புதுச் சாமான் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் பொத்தோங் கடைகளில் கிடைக்கும். கதவு, விளக்கு, கண்ணாடி, இருக்கை என்றால் தாராளமாகப் பழையது வாங்கலாம். பிரேக் சாமானையும் ரப்பர் சாமானையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். நம் பிள்ளைகள் உட்காரும் வண்டி.

குளுவாங்கைத் தாண்டி கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போனால் கடல். கடற்காற்றில் வளர்ந்த வண்டியின் கதவடி, தரை, பின்சக்கர வளைவு ஆகியவற்றை விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் சாயத்துக்கு அடியில் பூச்சுமாவுதான் இருக்கிறது.

துருவைவிட மோசமானது வெள்ளம். ஜொகூர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது. 2023 மார்ச் மாதத்தில் செகாமாட், குளுவாங், பத்து பகாட் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிவாரண மையங்களில் இருந்தன. யோங் பெங்கும் தப்பவில்லை. மனிதர்கள் மேட்டுக்குப் போனார்கள்; கார்கள் பல தண்ணீரில் நின்றன. நீர் வடிந்ததும் கழுவி, காயவைத்து, வாசனைத் திரவியம் அடித்து, வேறு ஊரில் விற்பது சிலருக்குத் தொழில். உங்கள் முன் பளபளவென்று நிற்கும் வண்டி அப்படி வந்ததா என்று எப்படி அறிவது? இருக்கை வார் முழுவதையும் கடைசி வரை இழுங்கள். மேல்பகுதியைத்தான் துடைப்பார்கள், சுருளின் உள்ளே இருக்கும் சேற்றுக் கோட்டை யாரும் துடைப்பதில்லை. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, முன்விளக்குக்குள் நீர்த்துளி ஆகியவை சாட்சிகள். கார்புரேட்டர் வைத்த பழைய கஞ்சில் வெள்ளத்திலிருந்து ஓரளவு மீண்டு வரும். கணினிப் பெட்டி வைத்த பிந்திய வண்டிகள் ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் தொல்லை கொடுக்கத் தொடங்கும்.

கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்குள் நுழைந்தால் நெரிசல். பாசிர் கூடாங் ஆலைக்கும் சிங்கப்பூர்ப் பாலத்துக்கும் போகும் கூட்டம். நின்று நின்று ஓடும் வண்டிக்கு கிளட்ச் தேயும்; மாற்ற முந்நூற்றைம்பது வெள்ளியை ஒட்டி வரும். மூன்று கியர் ஆட்டோ வண்டி என்றால் நிறுத்தியபடியே முன்னும் பின்னும் கியர் மாற்றிப் பாருங்கள். உதை விழுந்தால் பழைய கியர்ப்பெட்டிக்கு ஆயிரம் வெள்ளிக்குக் குறையாமல் எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சுமாரான வண்டி, கேட்கும் விலை மூவாயிரம். நான்கு டயர் 560, டைமிங் பெல்ட் 300, அப்சோபர் 450, பேட்டரி 180, பிரேக் வேலை 150 என்று வைத்துக்கொண்டால் கூட்டினால் 1,640 வெள்ளி. எனவே அந்த வண்டியின் உண்மை விலை நாலாயிரத்து அறுநூற்று நாற்பது. விற்பவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிடத் தாள் பேசும். நல்ல செய்தியும் உண்டு: ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்குச் சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளிதான். மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் நூறு வெள்ளியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

பணத்தைக் கொடுக்கும் முன் இன்னொன்று. "தவணையை மட்டும் தொடர்ந்து கட்டிக்கொண்டு வா, வண்டி உனக்கு" என்று சிலர் வருவார்கள். சம்போங் பாயார் என்பது இதுதான். அதன் பக்கமே போகாதீர்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடன் தீரும்வரை வண்டி கடன் கொடுத்த நிறுவனத்தினுடையது. நீங்கள் மாதம் தவறாமல் கொடுத்த பணத்தை இடையில் நிற்பவர் கட்டாமல் விட்டால், ஒரு காலை வேளையில் லயத்து வாசலில் இருந்தே வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். கொடுத்த காசுக்குத் தாள் இருக்காது.

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் சோதனை உண்டு. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பது அங்கே முக்கியம். அதில் தேறியது என்பதால் எஞ்சின் உள்ளே நலம் என்று பொருளல்ல; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டாத சம்மன் இருந்தால் விற்பவரே தீர்க்கட்டும். பிறகு சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு அவரும் நீங்களும் சேர்ந்து போய்ப் பெருவிரல் ரேகை பதியுங்கள். குளுவாங், செகாமாட், பத்து பகாட், மூவார் என்று கிளைகள் உண்டு. 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனியும் ஞாயிறும் என்று மாறிவிட்டதால், பழைய ஞாபகத்தில் ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டாதீர்கள். திரும்பும் வழியில் விற்பவரிடம் இரண்டாவது சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.