இசை காத்த கூடம்

நுழையும்முன்

எழுத்து, பேசிய சொல்லைக் காக்கிறது; ஒலிப்பதிவு, ஒலித்த இசையைக் காக்கிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசையிலும் ஜாஸ் இசையிலும் கேட்கத் தகுந்த பதிவுகள் பல உள்ளன. அவற்றுள், நியூயார்க் நகரின் ஒரே கூடத்தில் பிறந்த மூன்று பதிவுகளை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

பழைய தேவாலயம்

காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது இசை. அதனைப் பிடித்து வைக்க மனிதன் கண்ட கருவியே ஒலிப்பதிவு. நியூயார்க்கின் முப்பதாவது தெருவில் வழிபாடு நின்றுபோன தேவாலயம் ஒன்று இருந்தது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1940களின் இறுதியில் அதனை ஒலிப்பதிவுக் கூடமாக்கியது. உயர்ந்த கூரையின்கீழ் எழுந்த ஒலி, அங்கே இயல்பாகவே நிறைவு பெற்றது. செவ்வியல் கலைஞரும் ஜாஸ் கலைஞரும் அக்கூடத்தை நாடி வந்தனர்.

இளமையின் வேகம்

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம். கனடா நாட்டிலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் அங்கு வந்தார். கோடையிலும் மேலங்கியும் கையுறையும் அணிந்திருந்தார். தந்தை தமக்காகச் செய்து தந்த தாழ்வான நாற்காலியையும் கொண்டுவந்திருந்தார். அவர்தாம் பியானோ கலைஞர் கிளென் கூல்ட்.

ஜெர்மானிய இசைமேதை பாக், 1741இல் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்னும் படைப்பை அவர் வாசித்தார். ஒரு மெட்டில் தொடங்கி, அதன் அடித்தளத்தின்மீது முப்பது வேறு வடிவங்களை எழுப்பி, மீண்டும் அதே மெட்டில் வந்து முடியும் படைப்பு அது. அதனைக் கூல்ட் 38 நிமிடங்களில் வாசித்து முடித்தார். துள்ளியோடும் அருவியின் வேகம் அவ்விசையில் உண்டு. வாசிக்கும்போது தம்மை மறந்து அவர் முணுமுணுத்த குரலும் பதிவில் கேட்கிறது. அது குறையன்று, இசையில் தோய்ந்த மனத்தின் சுவடு.

எழுதாத இசை

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1959இல், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினருடன் அக்கூடத்திற்கு வந்தார். மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானது. முழுமையாக எழுதப்பட்ட இசைக்குறிப்பு எவர் கையிலும் இல்லை. எந்தச் சுரங்களுக்குள் உலவலாம் என்னும் சிறு குறிப்பே வழிகாட்டியது. கற்பனைச் சுரம் பாடுவோர் போல, ஒவ்வொருவரும் அந்த நொடியிலேயே இசையை உருவாக்கினர். நிறவேற்றுமை வேரூன்றியிருந்த நாட்டில், கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையரான பியானோ கலைஞர் பில் எவன்ஸும் ஒருவர் வாசிக்க மற்றவர் செவிமடுத்தனர். ஒருவருக்கு ஒருவர் இடம்விடும் அந்தப் பண்பே அவ்விசையின் அமைதிக்குக் காரணம்.

ஆயினும் கூடத்திற்கு வெளியே அவ்வமைதி இல்லை. இசைத்தட்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வெளிவந்தது. எட்டு நாள்களுக்குப் பின், தாம் இசை நிகழ்த்திக்கொண்டிருந்த அரங்கின் வாயிலில், இடைவேளையில் நின்றிருந்த டேவிஸைக் காவலர் தாக்கினர். தலையில் குருதி வழிந்தது. இச்செய்தியை அறிந்தபின் அவ்விசையைக் கேட்போருக்கு அதன் அமைதி எளிதாகக் கிட்டிய ஒன்றாகத் தோன்றாது.

இப்பதிவிலும் ஒரு பிழை நேர்ந்தது. முதல் நாளில் ஒலிநாடாக் கருவி சற்றே மெதுவாக ஓடியது. அதனால் அன்று பதிவான மூன்று உருப்படிகள், இசைத்தட்டில் சற்று உயர்ந்த சுருதியில் ஒலித்தன. 1992இல்தான், சரியான வேகத்தில் ஓடிய மற்றொரு நாடாவைக் கொண்டு அது திருத்தப்பட்டது.

மீண்டும் அதே மெட்டு

1964இல் மேடைக் கச்சேரிகளைத் துறந்த கூல்ட், 1981இல் அதே கூடத்திற்கு, அதே நாற்காலியுடன், அதே படைப்பை வாசிக்கத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 48. இம்முறை இசை 51 நிமிடங்கள் நீண்டது. சில பகுதிகளை இருமுறை வாசித்தது மட்டும் அதற்குக் காரணமன்று. ஒவ்வொரு சுரத்தையும் எண்ணிப் பார்த்து வைக்கும் நிதானம் அவரிடம் வந்திருந்தது. அருவி, ஆறாகியிருந்தது. அவ்வாண்டிலேயே கூடம் மூடப்பட்டது. 1982இல் இசைத்தட்டு வெளிவந்த சில வாரங்களுக்குள் கூல்ட் மறைந்தார்.

செவிக்கு ஒரு பயிற்சி

பழைய தேவாலயம் இன்று இல்லை. அவ்விடத்தில் குடியிருப்பு ஒன்று எழுந்துவிட்டது. எனினும் அக்கூடத்தின் காற்று ஒலிநாடாவில் எஞ்சியிருக்கிறது. அதனை உணர இசை இலக்கணம் தேவையில்லை. வேறு வேலையின்றி அமர்ந்து கேட்கும் பொறுமை போதும். கூல்ட் வாசித்த தொடக்க மெட்டு, 1955இன் பதிவில் இரண்டு நிமிடத்திற்கும் குறைவானது. 1981இன் பதிவில் மூன்று நிமிடத்தைச் சற்றே கடப்பது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். சுரங்கள் மாறவில்லை; வாசித்த மனிதர் மாறியிருக்கிறார். இருபத்தாறு ஆண்டுக் கால வாழ்வை அந்த ஐந்து நிமிடங்களில் செவி அறிந்துகொள்கிறது.