கரைக்கும் கப்பலுக்கும் நடுவே

ஜூலை 6, 2025, ஞாயிறு

டிசம்பரில் அண்ணன் குடும்பம் டொரண்டோவிலிருந்து வருகிறது. எல்லோருமாகக் கப்பலில் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா போன பிறகு அவள் தனக்கென்று கேட்ட முதல் காரியம் இதுதான். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. ஆளுக்கொரு கப்பலைச் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளியும்.

பேச்செல்லாம் கப்பலுக்குள்ளேயே சுற்றுகிறது. எத்தனை மாடி, நீச்சல் குளம் உண்டா, சைவச் சமையல் தனியா, பிள்ளைகளுக்குச் சறுக்கு இருக்கிறதா. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் அம்மா மாதிரி இரண்டு முழங்காலும் தேய்ந்த ஒருத்தி குடும்பத்தில் இருக்கும்போது, முதலில் கேட்க வேண்டியது வேறு: ஒவ்வொரு ஊரிலும் கப்பலைவிட்டு எப்படி இறங்குவது? கப்பல் துறையில் அணைந்து நின்றால் இறங்குபாலம் வழியே நடந்தோ சக்கர நாற்காலியிலோ கரைக்கு வந்துவிடலாம். ஆழமில்லாத ஊர் என்றால் கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். விளம்பரத் தாளில் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஊர்ப் பெயர்தான் அச்சாகியிருக்கும். புதுச்சேரி இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியபோது புதுச்சேரியும் அதன் பயணத் திட்டத்தில் இருந்தது. அரசு அனுமதி தரவில்லை. கடலில் நின்று ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இந்த வெள்ளிக்கிழமை அனுமதியோடு வந்திருக்கிறது. இப்போதும் கப்பல் கடலில்தான் நின்றது, பயணிகள் படகில் கரைக்கு வந்தார்கள். கப்பலில் உள்ள சூதாட்டக்கூடம் பற்றிய எதிர்ப்பைத்தான் செய்திகள் பெரிதாக எழுதின. எனக்கு அந்தப் படகுதான் முக்கியமாகப் பட்டது.

ஜூலை 9

படகு என்று எளிதாக எழுதிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தைத் தனியாக எழுத வேண்டும். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கதவு திறக்கிறது. வெளியே ஒரு சிறு மேடை. படகு வந்து அதை ஒட்டி நிற்கிறது, ஆனால் நிற்பதில்லை: கப்பல் அசையாத நேரத்தில்கூட படகு அலையோடு ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. இரண்டு மாலுமிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு படகு மேலே வரும் கணத்துக்காகக் காத்திருந்து “இப்ப” என்கிறார்கள். அந்தக் கணத்தில் காலை எடுத்து வைக்க வேண்டும். யோசித்தால் படகு இறங்கிவிடும். இளவயதுக்காரர்களுக்கு இது விளையாட்டு. முழங்கால் மடங்காதவருக்கு, முழு எடையையும் ஒற்றைக் காலில் தாங்க முடியாதவருக்கு, இதுதான் பயணத்தின் முடிவு.

இது புதிய சிக்கல் அல்ல. துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்த்தன. பல்லாயிரம் தமிழர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிப்போன ‘ரஜூலா’ நாகப்பட்டினத்தில் கடலில்தான் நின்றது. அதற்கு நேர்மாறாக, 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரை ரயில் போனபோது, ரயிலை விட்டு இறங்கி நடந்தே தலைமன்னார்க் கப்பலில் ஏறிவிடலாம். 1964 புயல் அந்தத் துறையைக் கொண்டுபோகும் வரை கிழவியும் கைக்குழந்தைக்காரியும் அப்படித்தான் போய் வந்தார்கள். அந்தக் கப்பல்களின் ஆடம்பரத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ரயிலிலிருந்து கப்பலுக்கு நடந்ததைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

ஜூலை 12

மதினி அனுப்பிய படங்கள் அத்தனையும் நீச்சல் குளம். பதில் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

டிசம்பர் என்றால் எந்தக் கடல்? இதைத் தீர்க்காமல் கப்பல் பேசுவது வீண். நம் இரு கரைகளையும் இரண்டு பருவக்காற்றுகள் மாறிமாறி ஆள்கின்றன. கச்சான் வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். உல்லாசக் கப்பல் சென்னைப் பக்கம் வந்துவிடும். வாடை தொடங்கினால் வங்கக்கடலின் முறை. அப்போது கப்பல் மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவுப் பக்கம் போய்விடும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் இதே கணக்கில் சிக்கியதுதான். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ ஓடத் தொடங்கியது; பருவமழையைச் சொல்லி அதே மாதம் 20ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தது, நவம்பரில் நின்றது, இந்த பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. அது துறையில் அணைகிற கப்பல், நாலைந்து மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. அம்மாவுக்கு மிகவும் பொருத்தம். டிசம்பரில் அதை நம்ப முடியாது என்பதுதான் வருத்தம்.

சென்னையும் நாகையும் கழிந்தால் உள்நாட்டில் நமக்குப் பக்கத்தில் மிஞ்சுவது லட்சத்தீவு. கொச்சியிலிருந்து 700 பேர் போகும் ‘எம்.வி. கவரத்தி’யில் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் பயணம் இருக்கிறது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய். பகலில் தீவு, இரவில் கப்பல். சூதாட்டமில்லை, கூச்சலில்லை, கடல் கண்ணாடி மாதிரி. ஆனால் பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நிற்க, படகில் இறங்குவதே அங்கே வழக்கம். தினமும் இறங்க வேண்டும், தினமும் ஏற வேண்டும். அதுபோக, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கே எல்லாத் தீவுகளும் திறந்தவை அல்ல. அண்ணன் பிள்ளைகள் இருவரும் கனடாவில் பிறந்தவர்கள். ஆக, பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒருசேர மூடிய வழி இது.

ஜூலை 24

ஆடி அமாவாசை. ராமேசுவரத்துக்கு யாரும் போகவில்லை. அம்மா வீட்டிலேயே எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னாள்.

ஜூலை 27, ஞாயிறு

எதிர்வாதங்களைத் தள்ளிவிடக் கூடாது. முதலாவது அண்ணனுடையது: “இப்பல்லாம் கப்பலே ஊர்தான். இறங்கணும்னு என்ன இருக்கு?” இதில் பாதி நியாயம் உண்டு. இன்றைய பெரிய கப்பல்களில் பலருக்கு இறங்காத நாட்களே நல்ல நாட்கள். அப்படியானால் கப்பலுக்குள் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். கப்பலுக்குச் சொல்லும் ‘டன்’ அளவு எடையல்ல, மூடிய உள்வெளியின் கொள்ளளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று பிடிபடும். 1990இல் பிரான்சில் கட்டிய ‘எம்ப்ரஸ்’ சுமார் 48,500 டன், அறைக்கு இருவர் என்றால் 1,600 பேர், ஆளுக்கு 30. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ‘கெண்டிங் ட்ரீம்’ 2016இல் கட்டியது, சுமார் 1,50,000 டன், 3,350 பேர், ஆளுக்கு 45. உலகின் மிகப்பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ ஏறக்குறைய இரண்டரை லட்சம் டன், ஆனால் 5,600 பேர், அங்கேயும் 44தான். பெரிய கப்பல் என்றால் தாராளம் என்று நினைப்பது தவறு. இந்த வகுத்தலைச் செய்தால் ஐகானுக்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை என்றாவது தெரியும். பள்ளி விடுமுறையில் மேல்படுக்கைகளும் நிரம்பி இந்த எண் இன்னும் குறையும்.

ஆனால் அண்ணன் சொல்வதன் மறுபாதியை ஏற்க முடியாது. கப்பலே ஊர் என்று சொன்னாலும், காலையில் பிள்ளைகள் கரையைப் பார்த்ததும் இறங்கத்தான் செய்வார்கள். அண்ணனும் மதினியும் கூடப் போக வேண்டும். கப்பலில் மிஞ்சுவது யார் என்பது இப்போதே தெரிந்ததுதான். “நான் மேல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க” என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எல்லா வீட்டு அம்மாக்களும் சொல்வதுதான் இது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் வசதிக்காக. பழனியில் ஏறக்குறைய 700 படி. அடிவாரத்தில் கிழவர்களை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மலையேறிய காலம் ஒன்று இருந்தது. இழுவை ரயில் வந்தது, 2004இல் ரோப் கார் வந்தது. இப்போது யாரும் “நீ கீழேயே கும்பிட்டுக்கோ” என்று சொல்வதில்லை. வழி இருக்கும்போது வழியில்லாத கப்பலைத் தேர்ந்துகொண்டு, அவளே வேண்டாம் என்றாள் என்பது சரியாகாது.

ஆகஸ்ட் 3

ஒன்றும் ஓடவில்லை. இந்தப் பயணமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 4

நேற்றுத் தோன்றியதற்குக் காரணம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் இதே மதுரை வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொன்றார்கள். குழாயில் தண்ணீர் வந்தால் தங்கள் தண்ணீர் விற்பனை படுத்துவிடும் என்பதுதான் கொன்றவர்களின் கணக்கு. ஒரு உல்லாசக் கப்பல் கடல்நீரைக் காய்ச்சியும் வடிகட்டியும் தினமும் பல லட்சம் லிட்டர் நன்னீர் செய்கிறது. அதற்கு எண்ணெய் எரிகிறது. இந்தத் தெருவில் இருந்துகொண்டு அதில் காசு போடலாமா என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. குறைந்த நாள், குறைந்த தூரம், இருக்கிற கப்பல் என்று சுருக்கிக்கொள்ளலாம். அது பதிலாகாது என்பது தெரியும். இருந்தாலும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது எதிர்வாதம் பணம். பக்கத்தில் வழியில்லை, சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறலாம் என்றதும் எல்லோரும் பின்வாங்குகிறார்கள். ஆனால் கணக்கை ஒழுங்காகப் போட வேண்டும். கப்பல் கட்டணத்தைக் கேபின் கணக்கில் சொல்கிறார்கள். நாலு பேர் ஒரே கேபினில் என்றால் மலிவாகத் தெரியும். அந்த நாலில் இரண்டு, சுவரிலிருந்தோ மேற்கூரையிலிருந்தோ மடக்கி இறக்கும் படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டியது. ஆக அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை, கூடத் துணைக்கு ஒருவர், லிஃப்டுக்குப் பக்கத்தில், கூடியவரை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில்: ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான். சாதாரணக் கேபினில் குளியலறை வாசலில் ஒரு மேடு இருக்கும். இரவில் எழுந்து போகிறவரைத் தடுக்கிவிடுவது அதுதான். சக்கர நாற்காலிக்கென்று ஒதுக்கிய கேபினில் அந்த மேடு இருக்காது, வாசல் அகலம். ஒவ்வொரு கப்பலிலும் சில கேபின்களே அப்படி, அவைதான் முதலில் தீரும். பால்கனிக்குத் தரும் கூடுதல் காசை இதில் போடுவதே நியாயம். கப்பல் மருத்துவர் ஓரளவுக்குத்தான் பார்ப்பார். ஆளைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிற காப்பீடு எடுக்காமல் யாரும் புறப்படக் கூடாது. இத்தனையும் கூட்டினால் உள்நாட்டுப் பயணத்துக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள இடைவெளி குறையத்தான் செய்கிறது. திருச்சியிலிருந்து நேரடி விமானம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே முதல் நாளே போய்விட வேண்டும். சென்னை, கொச்சி என்றாலும் அந்த ஒரு நாள் லாட்ஜ் செலவு உண்டு.

டிசம்பரில் சிங்கப்பூர்ப் பக்கம் மழை இருக்கும். ஆனால் மலாக்கா நீரிணையைச் சுமத்ரா ஒரு பக்கம் மறைத்து நிற்கிறது. திறந்த கடலின் பேரலை அங்கே எழாது. முக்கியமாக, கிள்ளானிலும் பினாங்கிலும் கப்பல் துறையில் அணைகிறது. பினாங்கின் சுவெட்டன்ஹம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் லிட்டில் இந்தியா, மாரியம்மன் கோயில். சக்கர நாற்காலியிலேயே போய்விடலாம். புக்கெட்டும் சேர்ந்த பயணத்தை ஏஜென்ட் வற்புறுத்துகிறார், விலையில் பெரிய வித்தியாசமில்லை என்கிறார். புக்கெட்டில் பெரும்பாலும் படகு. பினாங்கு மட்டும் போதும் என்று எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. அப்பாவுக்கு இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. போலீஸ் விசாரணை முடிந்து எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாஸ்போர்ட் எண் கிடைக்கும்வரை காத்திருந்தால் அந்த அகல வாசல் கேபின் போய்விடும். இப்போதே பணம் கட்டினால், பாஸ்போர்ட் தாமதமானால் பணம் திரும்பாது. மதினி மறுபடி லட்சத்தீவைச் சொல்கிறாள், ஆதார் அட்டை போதுமே என்று. தன் பிள்ளைகளுக்கு அது போதாது என்பது அவளுக்கும் தெரியும். அம்மாவை மனதில் வைத்துத்தான் சொல்கிறாள். முதல்முறையாக அவளுடைய யோசனையும் என்னுடையதும் ஒரே இடத்தில் நிற்கின்றன, வழி மட்டும் வேறு.

ஆகஸ்ட் 26

பினாங்கில் துறையில்தான் அணைவோம் என்று கப்பல் நிறுவனத்திடமிருந்து ஏஜென்ட் எழுத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறார். ஆனால் இறங்குபாலத்தின் சரிவு ஓதத்தைப் பொறுத்தது: ஏற்றத்தில் ஒரு சாய்வு, வற்றத்தில் வேறு. அன்றைக்கு ஓதம் எத்தனை மணிக்கு ஏறும், நாங்கள் இறங்கும் நேரத்தை நாங்களே தேர்ந்துகொள்ள முடியுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அண்ணன் இன்னும் பேசவில்லை.