இரு இதழ்களின் 1910

அரசியல் இதழை ஒடுக்க இரு வழிகள் உண்டு என்பதை 1910ஆம் ஆண்டு காட்டியது. புதுச்சேரியிலிருந்து வெளிவந்த பாரதியின் 'இந்தியா', பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. பெரும்பாலான வாசகர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தமையால் சந்தா வரும் வழி அடைபட்டது. மார்ச்சில் இதழ் நின்றது.

செப்டம்பர் 26 அன்று திருவிதாங்கூர் அரசு 'சுதேசாபிமானி' அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடுகடத்தியது. இதழின் பெயர் அவருக்கு அடைமொழியாயிற்று. அச்சகத்துக்கு முதலிட்டவரோ வக்கம் மௌலவி. ஆசிரியருக்கு முழு உரிமை அளித்திருந்த அவருக்கு, 1932இல் மறையும்வரை அச்சகம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆய்வாளர்கள் தலையங்கங்களைத் தேடித் தொகுக்கின்றனர். இதழ்களின் கணக்கேடுகளும் அதே கவனத்துக்கு உரியவை. எழுத்துரிமைக்கு யார் எவ்வளவு இழந்தார் என்பதை அவையே சொல்லும்.